வடக்கே மறைந்த சூரியன்

திருச்சியில் நஸ்ருல்லாவைத் தெரியாதவர்கள் நிறையப் பேர். ஹனீஃபா பாயைத் தெரியாதவர்கள் குறைவு. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் சங்கடம்.

பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் ‘ஹனீஃபா ஸ்டூடியோ’ என்று ஒரு பலகை தொங்குகிறது. ஹனீஃபா என்பவர் நஸ்ருல்லாவின் அத்தா. அவர் மவுத்தாகி அடக்கமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஆனால் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர்தான் ஹனீஃபா பாய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நஸ்ருல்லா ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு, “ஆமாங்க, உக்காருங்க” என்று விட்டுவிட்டார். இப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாண ஆல்பத்தின் பின்னட்டையிலும் ஹனீஃபா, ரசீதிலும் ஹனீஃபா. இத்தனை வருடத்தில் எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. ஒன்றின் கீழும் அவர் பேர் வந்ததில்லை. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு படத்தின் கீழாவது ‘நஸ்ருல்லா’ என்று அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஹஜ்ஜுக்குப் போகிற ஆசைக்கு அடுத்தபடி இதுதான் என்று வெளியில் சொல்லிக்கொள்வார்.

அத்தாவுக்கும் மகனுக்கும் தொழிலில் ஒரே ஒரு தகராறு இருந்தது. ஹனீஃபா ‘டச்சிங்’ வேலையில் மன்னன். பிலிம் காலத்தில் நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே வைத்து, பிளேடால் சுரண்டி, பென்சிலால் தீற்றி, அம்மைத் தழும்பை அழிப்பார், மாறுகண்ணை நேராக்குவார், எடுப்பான பல்லை உள்ளே தள்ளுவார். “தழும்புதான்டா பொய். அல்லா கொடுத்த மூஞ்சி அதுக்கு அடியில இருக்கு. நான் பொய்ய எடுக்கறேன்” என்பது அவர் கட்சி. ஒருமுறை அவர் கைபட்ட படத்தை நம்பிப் பெண் பார்க்க வந்தவர்கள் நேரில் பார்த்துவிட்டு, வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். அது அடுத்த தெருப் பெண். அவள் அழுத அழுகை இருபது வயது நஸ்ருல்லாவின் காதில் விழுந்தது. அன்றைக்கே அவர், செத்தாலும் படத்தில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தார்.

கம்ப்யூட்டர் வந்து, ஒரு பொத்தானைத் தட்டினால் கிழவி குமரியாகிற காலத்திலும் அவர் மாறவில்லை. பாதிக் கல்யாண ஆர்டர்கள் அதனாலேயே கைவிட்டுப் போயின. “இருக்கறதத்தான் எடுப்பேன்” என்று அவர் வீறாப்பாகச் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவி ஷரபுன்னிசா, “இருக்கறதப் பாக்கறதுக்கு எதுக்குங்க ஸ்டூடியோ? வீட்டுக் கண்ணாடியே போதுமே” என்பாள்.

இப்படிப்பட்டவரைத் தேடிக்கொண்டுதான் ஆனி மாதக் கடைசியில் அழகிரி வந்தார். அழகிரி கட்டடம் கட்டி விற்கிறவர். காவிரிப் பாலத்துக்கு இந்தக் கரையில், ஓடத்துறைப் பக்கம் பதினான்கு மாடி எழுப்பி, அதற்கு ‘கோபுர தரிசனம்’ என்று பேர் வைத்திருந்தார். மாடியின் உச்சியில் சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி வைத்து ஒரு தளம். அதன் பேர் ‘ஸ்கை டெக்’. வீடு வாங்குகிறவர்கள் சாயங்காலம் அங்கே ஏறி நின்று காபி குடித்தபடியே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைச் சேவிக்கலாம். செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம்.

“எங்க கல்யாணத்துக்கு நீங்கதான பாய் எடுத்தீங்க? எங்க வீட்டம்மா எப்படி இருந்தாங்களோ அப்படியே இருந்தாங்க படத்துல” என்றார் அழகிரி. அது பாராட்டா, பழைய வருத்தமா என்று தெரியவில்லை. “அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன். டெக்லேருந்து ஒரே ஒரு படம். அந்தி நேரம், ஆறு, கோபுரத்துல வெளக்கு. பாத்தவன் ஒடனே செக்கு எழுதணும்.”

நஸ்ருல்லா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பணம் பாதி போதும் சார். படத்துக்குக் கீழ பேரு போட்டுடுங்க.”

“போட்டுட்டாப் போச்சு. ஹனீஃபா ஸ்டூடியோ.”

“இல்லங்க. நஸ்ருல்லா.”

“அது யாரு?” என்றார் அழகிரி.

விளக்கிச் சொன்ன பிறகு அவர் ஒத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “இன்னொண்ணு பாய். சூரியன் கரெக்டா கோபுரத்துக்குப் பின்னாடி மறையணும்.”

“சார், டெக்லேருந்து பாத்தா கோபுரம் வடக்க இருக்கு.”

“ஆமா.”

“சூரியன் மேக்கதான் சார் மறையும்.”

அழகிரி சிறிது யோசித்தார். “அதுக்கு எக்ஸ்ட்ரா எவ்வளவு ஆகும்?”

ஆகாது என்று நஸ்ருல்லா பணிவாகச் சொன்னார். அழகிரி, சரி, முடிந்ததைப் பண்ணுங்கள் என்று போய்விட்டார். பணம் கொடுத்தால் முடியாதது ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் வேலை தொடங்கியது. லிஃப்ட் அப்போது வரவில்லை. முக்காலியையும் கேமராப் பையையும் தூக்கிக்கொண்டு பதினான்கு மாடியும் படியேற வேண்டும். முழங்கால் ஒவ்வொரு மாடியிலும் கேள்வி கேட்டது. மேலே போனால் அடுத்த தொல்லை. ஆளுயரக் கண்ணாடியில் தளத்து விளக்குகளும் கட்டட வேலைக்காரர்களும் நஸ்ருல்லாவின் வழுக்கையுமே தெரிந்தன. கோபுரம் அவற்றுக்குப் பின்னால் மங்கலாக நின்றது. இரண்டாம் நாள் அவர் ஷரபுன்னிசாவின் பழைய கறுப்பு புர்காவை எடுத்துப் போய், கண்ணாடிக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்தி அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். எதிரொளி போய்விட்டது. மூன்றாம் நாள் ஆடிக்காற்று முக்காலியை ஆட்டியது. அதன் நடுவில் நாலு செங்கல்லைப் பையில் போட்டுத் தொங்கவிட்டார். நான்காம் நாள் மேகம், ஐந்தாம் நாள் புழுதி. ஆறாம் நாள் எல்லாம் சரியாக இருந்து, கோபுரத்தில் விளக்கு எரியத் தாமதமாயிற்று.

தினமும் சூரியன் அவருடைய இடது தோளுக்கு நேரே, ஆற்றின் மேல்பக்கம், வாழைத்தோட்டங்களுக்குப் பின்னால் ஒழுங்காக மறைந்துகொண்டிருந்தது. அது மறைந்ததும் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்கும். அங்கேயே துண்டை விரித்து மஃரிப் தொழுவார். தொழுது எழுந்ததிலிருந்து முழு இருட்டுவதற்குள் ஒரு கால்மணி நேரம்தான் அவருக்கு வேலை. அந்த நேரத்தில் வானம் கருநீலமாக இருக்கும், விளக்குகளும் எரியும், இரண்டும் ஒன்றையொன்று அமுக்காது. முப்பது வருடத்தில் நல்ல வெளிச்சம் எல்லாம் மஃரிப் நேரத்தில்தான் வந்திருக்கிறது. தொழுகையை முடித்துவிட்டு வருகிறவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறான் அல்லாஹ் என்று அவர் ஷரபுன்னிசாவிடம் சொல்வதுண்டு.

ஒன்பதாம் நாள் எல்லாம் கூடி வந்தது. முன்தினம் பெய்த மழையில் காற்று கழுவிவிட்டது போல இருந்தது. மேட்டூர் புண்ணியத்தில் ஆறு கரை நிறைய ஓடியது. இடது ஓரத்து வானத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்க, மற்றதெல்லாம் நீலம். கோபுரத்தில் விளக்கு எரிந்தது. ரயில் பாலத்தில் ஒரு ரயில் ஏறியது. அவர் புர்காவுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவின் கண்ணைப் பதினைந்து விநாடி திறந்து வைத்தார். ரயிலின் ஜன்னல் வெளிச்சமெல்லாம் ஒரே கோடாகி ஆற்றைக் கடந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். கோபுரத்தின் உச்சியில் பதின்மூன்று கலசங்களையும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. “மாஷா அல்லாஹ்” என்றார். அவர் வாழ்க்கையில் எடுத்த நல்ல படம் இதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

படத்தை அழகிரியின் ஆபீசில் தேவதர்ஷினி வாங்கிக்கொண்டாள். விளம்பர வேலையெல்லாம் அந்தப் பெண்தான். “செம்ம அங்கிள்” என்றாள். நஸ்ருல்லா தன் பேரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். ‘ஸ்’ஸுக்குப் புள்ளி முக்கியம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

புரட்டாசியில் விளம்பரப் புத்தகம் வந்தது. வழுவழுப்பான அட்டை. முதலில் தன் பேரைத்தான் தேடினார். ‘படம்: நஸ்ருல்லா’ என்று கொட்டை எழுத்தில், புள்ளியெல்லாம் சரியாக இருந்தது. இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கண்ணை மேலே தூக்கினார்.

கோபுரத்துக்குப் பின்னால் பெரிய தோசைக்கல் அளவுக்கு ஒரு சூரியன் உட்கார்ந்திருந்தது. நீல வானம் போய் எங்கும் ஆரஞ்சு. ஆற்றில் அதன் நிழல். ரயிலைக் காணோம்.

அப்படியே பஸ் ஏறி ஆபீசுக்குப் போனார்.

“இது எந்த ஊரு சூரியன்மா?”

“கோவான்னு நெனக்கிறேன் அங்கிள். பாலியாக்கூட இருக்கலாம்” என்றாள் தேவதர்ஷினி. அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. உப்புக் குறைவாக இருந்ததால் போட்டேன் என்கிற மாதிரிச் சொன்னாள். “சார்தான் சூரியன் இல்லாம அந்தியே இல்லன்னாரு.”

“அப்ப என் பேர எடுத்துடுங்க.”

“பத்தாயிரம் அடிச்சாச்சு அங்கிள். காலண்டரும் பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு.”

உள்ளேயிருந்து அழகிரி வந்தார். “என்ன பாய் நீங்க? பேரு போடணும்னீங்க, போட்டேன். இப்ப எடுக்கணும்ங்கறீங்க. ஒரு முடிவுக்கு வாங்க.”

கார்த்திகைக்குள் காலண்டர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில், சலூனில், மருந்துக்கடையில், ஸ்ரீரங்கத்துப் பஸ் நிற்கிற இடத்துப் பழக்கடையில், எங்கே திரும்பினாலும் கோவா சூரியனும் அவர் பேரும் தொங்கின. முப்பது வருடம் வராத புகழ் மூன்று வாரத்தில் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “நீங்கதான் நஸ்ருல்லாவா? ஹனீஃபா பாய்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!” என்றார்கள். இந்த வார்த்தையைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தார்! கேட்டதும் ஒளிந்துகொள்ள இடம் தேடினார்.

பள்ளிவாசலில் ஒரு குசும்பர் செருப்பு மாட்டும்போது மடக்கினார். “பாய், சூரியன் மேக்கால உதிச்சா உலகம் அழியற கியாமத்து வந்துடும்னு தெரியும். வடக்கால மறைஞ்சா என்ன வரும்?”

“காலண்டர் வரும்” என்று சொல்லிவிட்டு நஸ்ருல்லா வேகமாக நடந்தார்.

வீட்டில் ஷரபுன்னிசா காலண்டரை ஹாலில் மாட்டியிருந்தாள். “கழட்டு” என்றார். “பேரு போட்டிருக்குங்க” என்றாள். கழற்றவில்லை.

மார்கழி பிறந்து நாலு நாள் ஆனபோது அழகிரி போன் பண்ணினார். எடுத்ததும் கத்தல். “பாய், ஒங்க படத்தால என் பொழப்பே போச்சு!”

நடந்தது இதுதான். பதினோராவது மாடியில் வீடு பதிந்திருந்த மாதவன், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பிறந்து, மும்பையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பணம் கட்டிய பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று துவாக்குடியிலிருந்து பிச்சமுத்து என்கிற வாஸ்துக்காரரை அழைத்து வீட்டின் வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். பிச்சமுத்து வரைபடத்தைப் பார்த்தார், விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் மறைகிறது. ஆகவே கோபுரம் இருப்பது மேற்கு. ஆகவே வரைபடத்தில் வடக்கு என்று போட்டிருப்பதெல்லாம் மேற்கு. அப்படியானால் அக்னி மூலையில் இருக்கிற அடுப்பு ஈசானியத்துக்கு வந்துவிடுகிறது. தம்பதி படுக்கிற அறை அக்னி மூலைக்குப் போய்விடுகிறது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், வாயு மூலையில் இருக்கிற கக்கூஸ் நேராகக் கன்னி மூலையில் போய் உட்காருகிறது. கன்னி மூலையில் கக்கூஸ் வைத்த குடும்பம் உருப்படாது என்பது குழந்தைக்கும் தெரியும்.

கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் குழந்தைக்குத் தெரியும்தான். ஆனால் அச்சில் வந்துவிட்டதே! மாதவன் விஷயத்தை வீடு பதிந்தவர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார். நாற்பத்தொரு குடும்பம். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் டெக்குக்கு வர்றாங்க. நீங்களும் வந்து தெச சொல்லுங்க” என்றார் அழகிரி.

“சூரியன வச்சது நான் இல்லையே சார்.”

“பேரு ஒங்க பேருதான இருக்கு?”

நஸ்ருல்லா போனார். பொய்யின் கீழே தன் பேர் கிடக்கிற வரை தூக்கம் வராது. நாற்பத்தொரு குடும்பத்தின் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டால், பேரையாவது மீட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். லிஃப்ட் வந்துவிட்டிருந்தது. தளத்தில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். சூரியன் மறைகிற இடத்தை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்பது அழகிரியின் திட்டம். மார்கழி மேகத்துக்கு அந்தத் திட்டம் தெரியாது. நாலு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

ஆளாளுக்குப் போனை எடுத்துத் திசை பார்த்தார்கள். தளத்தில் இன்னும் வெட்டாமல் நின்ற இரும்புக் கம்பிகளின் கோளாறோ என்னவோ, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு பக்கம் காட்டியது. ஒருவருக்குக் கோபுரம் வடக்கு, இன்னொருவருக்குத் தென்கிழக்கு. பிச்சமுத்து தன் பித்தளைத் திசைகாட்டியைத் தரையில் வைத்தார். அது நடுங்கிக்கொண்டே சுற்றியது.

“சார், கோபுரம் வடக்குதாங்க. படத்துல அந்த சூரியன ஆபீசுல வச்சாங்க” என்றார் நஸ்ருல்லா.

“ஆனா பேரு நீங்கதான போட்டிருக்கீங்க?” என்றது ஒரு குரல். அதற்கு மேல் அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

“ஓய் பிச்சமுத்து” என்றார் மாதவன். “பெருமாள் தெக்கே திருமுகமா சயனிச்சிண்டிருக்கார். ராஜகோபுரமும் தெக்கு வாசல். அந்த வாசலைப் பாத்துண்டு நாம நிக்கறோம்னா நாம கோவிலுக்குத் தெக்கே இருக்கோம்னுதானே அர்த்தம்?”

“ஐயா, பெருமாள் தெச பெருமாளுக்கு. எனக்கு ஆதாரம் வேணும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பெருமாளையா கேப்பீங்க? என்னைத்தான கேப்பீங்க?” என்றார் பிச்சமுத்து. இதில் நியாயம் இருந்ததால் மாதவனும் தலையாட்டினார்.

அப்போது ஓடத்துறைப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. இவர்கள் சண்டை இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. நஸ்ருல்லா அழகிரியிடம், “அஞ்சு நிமிஷம் சார், மஃரிப் ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு, வாளித் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்து, தோளில் கிடந்த துண்டை விரித்தார். ஒன்பது நாள் தொழுத இடம். யோசிக்கத் தேவையில்லாமல் கால் தானாகத் திரும்பி நின்றது. குனிந்தார், நிமிர்ந்தார், ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தார். சுற்றிலும் பேச்சு மெல்ல அடங்கியதை அவர் கவனிக்கவில்லை. தொழுது முடித்து ஸலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பியபோது, கண்ணாடிக்கு அப்பால் கோபுரத்தில் விளக்கு எரிந்தது. இடப்பக்கம் திருப்பியபோது முப்பது பேரும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“பாய், நீங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழறேள்?” என்று மாதவன் மெதுவாகக் கேட்டார்.

“மேக்கதாங்க. கொஞ்சூண்டு வடக்க சாஞ்ச மாதிரி.”

“எத்தன டிகிரி சாயுது?” என்றார் பிச்சமுத்து, பென்சிலை எடுத்துக்கொண்டு.

“ஓய், சித்த சும்மா இரும்” என்று மாதவன் அதட்டினார். “மனுஷன் ஆத்துக்காரிகிட்டப் பொய் சொல்லுவான், இன்கம்டாக்ஸ்ல பொய் சொல்லுவான். தொழறச்சே திசையில பொய் சொல்ல மாட்டான். அவருக்கு எதிர்க்க மேக்கு. வலது கைப்பக்கம் கோபுரம். கோபுரம் வடக்கு. எழுதிக்கும்.”

பிச்சமுத்து துண்டு விரித்த கோட்டைத் தரையில் பென்சிலால் குறித்து, வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துத் திருப்பினார். கக்கூஸ் வாயு மூலைக்குத் திரும்பிப் போனது. அடுப்பு அக்னிக்கு வந்தது. தம்பதிகள் கன்னி மூலையில் நிம்மதியாகப் படுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அழகிரி நஸ்ருல்லாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நஸ்ருல்லாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. வாயால் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்ததை எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

“அது சரி” என்றார் மாதவன். “கோபுரம் வடக்குன்னா, அந்தச் சூரியன் அங்கே மறையாதோன்னோ?”

“மறையாதுங்க” என்றார் நஸ்ருல்லா.

“அழகிரி சார், என் ஆத்துக்காரி அந்தச் சூரியனைப் பாத்துட்டுத்தானே பதினோராவது மாடிதான் வேணும்னா. இப்போ சூரியன் இல்லேன்னா எப்படி?”

முப்பது பேரும் ‘அதானே’ என்றார்கள். சூரியன் இருக்கிறது என்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள், சூரியன் இல்லை என்று விலையைக் குறைக்கச் சொன்னார்கள். அழகிரி தேவதர்ஷினியைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள்.

நஸ்ருல்லா தன் போனை எடுத்து, ஒன்பதாம் நாள் படத்தைத் திறந்து மாதவன் கையில் கொடுத்தார். “இதாங்க நான் எடுத்தது. இங்க என்ன தெரியுமோ அதுதான் இதுல இருக்கு.”

மாதவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். உதடு அசைந்தது, கலசங்களை எண்ணுகிறார் என்று நஸ்ருல்லாவுக்குப் புரிந்தது. பதின்மூன்று வரை வந்து நின்றது.

“இவ்வளவு நன்னா இருக்கே! இத வச்சிண்டு எதுக்கய்யா அந்தச் சூரியன்?” என்றார் மாதவன். போன் கைக்குக் கை மாறியது. எல்லோரும் ஒருமுறை படத்தையும் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியேயும் பார்த்தார்கள். மேகமும் இருட்டோடு கருநீலமாகிவிட்டதால், இடது ஓரத்துச் சிவப்பைத் தவிர இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ரயில்கூட வந்தது. விலைப் பேச்சு எங்கோ அமுங்கிப் போனது.

“இனிமே இதுதான் அட்டைப்படம்” என்று அழகிரி அங்கேயே அறிவித்தார். “நஸ்ருல்லாங்கற பேரோட.” ஹனீஃபா என்று சொல்லாமல் நஸ்ருல்லா என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அன்று லிஃப்டில் இறங்கும்போது நஸ்ருல்லா கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்து புதுப் புத்தகம் வந்தது. பத்துப் பிரதிகளைக் கட்டி ஸ்டூடியோவுக்கே அனுப்பியிருந்தார்கள். இந்த முறை அவர் பேரைத் தேடவில்லை. படத்தைத்தான் முதலில் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. இடது ஓரத்துச் சிவப்பு, ரயில் கோடு, பதின்மூன்று கலசம். ஒரு புள்ளி மாறவில்லை. கீழே ‘படம்: நஸ்ருல்லா’. அதற்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், ‘இது கற்பனைக் காட்சி. உண்மைத் தோற்றம் மாறுபடலாம்.’

அவர் அதை நாலு தடவை படித்தார். பிறகு தேவதர்ஷினிக்குப் போன் பண்ணினார்.

“வக்கீல் சொன்னது அங்கிள்” என்றாள் அவள். “சூரியன் படத்துல அந்த வரி இல்லாததாலதான் இவ்வளவு பிரச்சன. இனிமே எந்தப் படம் வந்தாலும் கீழ இதப் போட்டே ஆகணும்னுட்டாரு.”

“அதுல எல்லாமே கற்பனைம்மா. அப்பப் போடல. இதுல எதுவுமே கற்பன இல்லையேம்மா.”

“எனக்குத் தெரியும் அங்கிள்.” அவள் குரல் தாழ்ந்தது. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே வருத்தம்தான். “ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா அடுத்த தடவை அடிக்கும்போது ஒங்க பேர எடுத்துடட்டுமா?”

அன்றைக்குக் கெஞ்சிக் கேட்டும் எடுக்காத பேர். நஸ்ருல்லா எதிரே இருந்த படத்தைப் பார்த்தார். “வேணாம்மா. இருக்கட்டும்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு எழுந்து, பரணிலிருந்து அத்தாவின் தகரப்பெட்டியை இறக்கினார். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பிளேடு, ஒற்றை மயிர் தூரிகை, காய்ந்துபோன மைப்புட்டி. அத்தா உட்காருகிற இடத்திலேயே விளக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புத்தகத்தின் அட்டையை வெட்டி எடுத்துப் பலகையில் பொருத்தினார். முதல் எழுத்தின் மேல் பிளேடு நுனியை வைத்துச் சுரண்டினார். ‘இது’ போனது. ‘கற்பனை’ போனது. சுரண்டிய இடம் வெளுத்துத் தெரிந்தது. தூரிகையை நனைத்து, காய்ந்த மையைக் கரைத்து, கருநீலத்தைப் புள்ளி புள்ளியாக வைத்தார். முப்பத்தாறு வருடம் செய்யாத வேலையைக் கை எங்கேயிருந்து கற்றுக்கொண்டதோ, அங்கே ஒரு வரி இருந்த தடமே இல்லை.

மாடி வீட்டிலிருந்து ஷரபுன்னிசா டீ எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

“படத்துல கை வைக்க மாட்டேன்னு சொல்லிச் சொல்லியே வந்த வியாபாரத்தயெல்லாம் வெரட்டுனீங்க. இப்ப என்னங்க பண்றீங்க?”

“பொய்ய எடுக்கறேன்” என்றார் நஸ்ருல்லா.

“ஒங்க அத்தாவும் இதேதாங்க சொல்வாங்க” என்றாள் அவள்.

அவர் தூரிகையைத் துடைத்து அத்தாவின் பெட்டியில் வைத்தார். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. “பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும். ஹனீஃபா பாய் இருக்காருங்களா?”

“இருக்கேங்க” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். “உள்ள வாங்க, உக்காருங்க.”